பாலாடை வாங்கப் போனவள்

அக்டோபர் 6, திங்கள்

வெறும் வயிற்றில் 162.

இந்த டைரி ஜனவரியில் ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி கொடுத்தது. ஒன்பது மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. போன வாரம் சர்க்கரை டாக்டர், தினமும் விரலில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள், சாப்பிட்டதை எழுதுங்கள், மனதில் பாரம் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள் என்றார். இருபத்தொரு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறவளிடம் பாரம் இருக்கிறதா என்று கேட்கிறார். இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி என்று எழுதிக்கொள்கிறேன். மூன்றாவது இட்லியை எழுதப் போவதில்லை.

காலை டூட்டி. குழந்தைகள் அவசரப் பிரிவில் ஆறு கட்டில்களும் நிறைந்திருந்தன. எழுதுகிற மாதிரி எதுவும் இல்லை.

சாயங்காலம் மெர்லின் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "ம்மா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். பிளஸ் டூ படிக்கிறாள். அவள் அப்பா மஸ்கட்டில் இருப்பதால் எல்லாவற்றுக்கும் நான்தான். கொத்தமல்லி இல்லை, கடை அடைப்பதற்குள் ஓடிப்போய் வாங்கிட்டு வா என்று அனுப்பினேன். வந்ததும் கொத்தமல்லிக் கட்டை மேசையில் வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

155.

மூன்றாம் கட்டில் போனது. ஒன்பது வயதுப் பையன், பாம்புக்கடி. பச்சிலை கட்டிப் பார்த்துவிட்டு ஆறு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தார்கள். வார்டில் சத்தமே இல்லை. புஷ்பம் சிஸ்டர் டூட்டியில் இருந்தால் சத்தம் இருக்காது என்று எல்லாரும் சொல்வார்கள். அமலபுஷ்பம் என்ற என் முழுப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான்.

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். பிள்ளை இனி நிற்காது என்று டாக்டர் கண்ணைக் காட்டியதும் ஒரு துண்டுச் சீட்டில் எதையாவது எழுதித் தாயிடம் கொடுப்பேன். டயாப்பர், பவுடர், சின்னத் துண்டு, எதுவாகவும் இருக்கலாம். உடனே வேணும்மா, எதிர்த்தாப்புலதான் கடை என்பேன். கடை எதிரில்தான். ஆனால் சாலை நடுவில் தடுப்புச் சுவர் கட்டியிருப்பதால் சிக்னல் வரை நடந்து சுற்றி வரவேண்டும். போய்வர இருபதிலிருந்து முப்பது நிமிடம். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். குழாய்களை எடுத்து, முகம் துடைத்து, தலை சீவி, வெள்ளைத் துணி போர்த்தி வைத்துவிடுவேன். தகப்பனிடமோ மாமனிடமோ டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொல்லிவிடுவார். தாய் வந்து பார்க்கும்போது பிள்ளை தூங்குகிற மாதிரி இருக்கும்.

பதினாலு வருடத்துக்கு முன் ஒரு தாய், பிள்ளை போகிற நேரத்தில் கட்டிலில் விழுந்து ஊசி, குழாய் எல்லாவற்றையும் பிடுங்கினாள். தடுக்கப் போன என்னையும் தள்ளிவிட்டாள். அவள் போட்ட சத்தம் ஒரு மாதம் என் காதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் சீட்டு. பெற்றவள் அதைப் பார்க்க வேண்டாம் என்பதுதான் காரணம்.

மதியம் சாம்பார் சாதம், அளவாக.

அக்டோபர் 14, செவ்வாய்

158.

ஐந்தாம் கட்டிலுக்கு ஏழு மாத ஆண் பிள்ளை வந்திருக்கிறான். பெயர் மித்ரன். இதயத்தில் ஓட்டை, அதோடு நிமோனியா. வந்த வேகத்திலேயே டாக்டர் ஹசீனா தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் இணைத்தார். மேற்படிப்பில் முதல் வருட மாணவி, இருபத்தாறு வயது, கை நடுங்காது.

தாய்க்கு இருபத்திரண்டு வயது இருக்கும். இசக்கி என்று பெயர். புருஷன் கேரளாவில் டைல்ஸ் ஒட்டுகிறாராம், தகவல் போயிருக்கிறது. இந்தப் பெண் எதற்கும் அனுமதி கேட்கிறாள். கால தொடலாமா சிஸ்டர், பேரச் சொல்லிக் கூப்பிடலாமா சிஸ்டர். பெற்றவள் கூப்பிடாமல் வேறு யார் கூப்பிடுவது என்று ஒரு அதட்டுப் போட்டேன். சிரித்துவிட்டாள்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மறைப்புக்குப் பின்னால் போய்ப் பாலைப் பிழிந்து கிண்ணத்தில் கொண்டுவருகிறாள். அதை மூக்குக் குழாய் வழியாக விடுகிறோம். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, எப்ப சிஸ்டர் வாயால குடிப்பான்?

அக்டோபர் 16, வியாழன்

160. கோதுமை தோசை. சர்க்கரை இல்லாத காபி கசாயம் மாதிரி இருக்கிறது. இசக்கி என் பிறந்த ஊரைக் கேட்டாள். சொன்னேன். அவள் மதினியைக் கட்டிக் கொடுத்தது அந்த ஊர்தானாம். அதிலிருந்து என்னை மதினி என்று கூப்பிட வாயெடுத்து, நடுவில் சிஸ்டர் என்று மாற்றிக்கொள்கிறாள்.

பிள்ளைக்குச் சிறுநீர் இறங்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

3.40க்கு ஐந்தாம் கட்டில். சீட்டு எழுதிக் கொடுத்தேன். வந்தாள், பார்த்தாள். புருஷன் ஆறு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார்.

கையை நாலு தடவை கழுவினேன்.

சாப்பிடவில்லை.

அக்டோபர் 18, சனி

189.

இன்றிலிருந்து மோதிர விரலில் குத்திப் பார்க்கிறேன். இவ்வளவு நாளும் இடது கை ஆள்காட்டி விரலில் குத்திக்கொண்டிருந்தேன். அது வேண்டாம்.

அக்டோபர் 21, செவ்வாய்

176. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு முறுக்கு, இரண்டு. சரி, நாலு.

வெடியில் கை சுட்டுக்கொண்ட பிள்ளைகளாக நேற்றும் இன்றும் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் கத்தினார்கள். கத்துகிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும், அதனால் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

மெர்லின் மறுபடியும் ஏதோ சொல்ல வந்தாள். மழை வருகிற மாதிரி இருந்தது, மாடியில் துணி கிடந்தது, எடுத்து வா என்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

180.

சென்னையிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தார். பிள்ளை பிழைக்காது என்பதைப் பெற்றோரிடம் சொல்வது எப்படி என்பது தலைப்பு. உட்கார வைத்துச் சொல்ல வேண்டும், அவர்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும், சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாம் சரிதான். ஆறு கட்டிலுக்கு இரண்டு நர்சு இருக்கிற இடத்தில் யார் பக்கத்தில் உட்காருவது என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

கடைசியில் நடித்துக் காட்டச் சொன்னார்கள். ஒரு பிளாஸ்டிக் பொம்மைதான் பிள்ளை. நான் தாய். டாக்டர் ஹசீனா நர்சு. நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, எம் பிள்ளைக்கு எப்படி இருக்கு சிஸ்டர் என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு நொடி யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து, என்னைப் போலவே தலையைச் சாய்த்து, "உடனே வேணும்மா, எதிர்த்தாப்புலதான் கடை" என்று நீட்டினார்.

அறையே சிரித்தது. புஷ்பம் சிஸ்டர் சீட்டு என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. சாயங்கால டூட்டி நர்சும் அதைத்தான் செய்கிறாளாம், மேல்மாடி வார்டிலும் அப்படித்தானாம். நானும் சேர்ந்து சிரித்தேன். சென்னைக்காரருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

அந்தத் தாள் என் கையில்தான் இருந்தது. அதில் ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் நான் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன். கொடுத்ததும் கால் தானாகப் போகிறது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறையைக் கழுவிப் பூ வைத்தோம். பாக்கெட்டில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது. சின்னக் கல்லறைகள் இருக்கிற வரிசையில், யாரும் வராத ஒன்றில் ஏற்றி வைத்தேன். யாருக்கும்மா என்று மெர்லின் கேட்டாள். சும்மாதான் என்றேன்.

நவம்பர் 3, திங்கள்

197.

இசக்கி வந்திருந்தாள்.

மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் மதியம் டூட்டி முடிந்து வெளியே வந்ததும் எழுந்து நின்றாள். இறப்புச் சான்றிதழுக்கு வந்தாயா, அது மாடியில் என்றேன். அதெல்லாம் அவர் வாங்கிட்டாரு என்றாள். பச்சைப் பிள்ளைக்குப் பதினாறாம் நாள் எதுவும் கிடையாதாம். புதைத்துவிட்டு வந்து குளித்ததோடு சரி. மூன்றாம் நாளே புருஷனும் கேரளாவுக்குப் போய்விட்டார். மார்பில் பால் கட்டி இரண்டு நாள் காய்ச்சல் அடித்ததாம்.

பையிலிருந்து ஒரு பாலாடையை எடுத்தாள். பிள்ளைக்குப் பால் புகட்டுகிற எவர்சில்வர் பாலாடை, புதிது. அன்று நான் சீட்டில் எழுதிக் கொடுத்தது இதைத்தான். டயாப்பர், பவுடர், துண்டு எல்லாம் அவள் முந்தின நாட்களிலேயே வாங்கி வைத்துவிட்டாள். எழுத வேறொன்றும் தோன்றவில்லை.

"கடைக்காரர்ட்ட, எம் பிள்ளைக்கு நல்லாயிட்டு, இனி வாயால குடிக்கப் போறான்னு சொன்னேன் சிஸ்டர். டீக்கட அண்ணாச்சிட்ட வெந்நி கேட்டு, நல்லாக் கழுவி எடுத்துட்டு வந்தேன். அதுலதான் நேரம் ஆயிட்டு."

நான் பஸ் போய்விடும் என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நான் போன பொறவு அவன் கண்ணு முழிச்சானா?"

"இல்லம்மா. தூங்குன மாதிரியே போயிட்டான்" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டினாள். பாலாடையைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். அவள் போகவில்லை. நான்தான் போனேன்.

நவம்பர் 6, வியாழன்

193. எக்ஸ்ரே அறைப் பக்கமாக ஒரு பின்வாசல் இருக்கிறது. அது வழியாக வந்தால் பஸ் நிறுத்தம் கிட்டே. இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று.

நவம்பர் 11, செவ்வாய்

204. மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்கிறார் டாக்டர். மனதில் ஏதாவது என்று மறுபடி ஆரம்பித்தார். டூட்டி இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

பின்வாசலிலும் இசக்கி நின்றாள். ஒளிந்து போகிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாளோ, இல்லை அவளும் பஸ்ஸுக்காக நின்றாளோ தெரியாது. அதே கேள்வியைக் கேட்டாள். அதே பதிலைச் சொன்னேன். "எதுக்கு என்னைய அனுப்புனிய?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருக்கலாம். வழி கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

எழுதி வைத்துவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

மித்ரன் கண் முழித்தான். அன்று காலையிலிருந்தே தூக்க மருந்தைக் குறைத்திருந்தார்கள். இனி பிரயோஜனமில்லை, புருஷன் வந்ததும் அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று பெரிய டாக்டர் மூன்று மணிக்குச் சொல்லிவிட்டுப் போனார். இசக்கி சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். பால் என்ற வார்த்தையே அவளுக்குப் போதும். அவள் போய் ஐந்து நிமிடம் இருக்கும், பிள்ளை கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். பிறகு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கண்ணை ஓட்டினான். ஏழு மாதத்துப் பிள்ளைக்குத் தாய் முகம் நன்றாகத் தெரியும். நான் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விரலைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டான். இருபது நிமிடம் விடவேயில்லை. மெஷினில் கோடு நேரான பிறகும் அப்படியே பிடித்திருந்தான். தாய் வந்துவிடுவாளே என்று அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

அந்த இருபது நிமிடமும் அவளுடையது. சீட்டு எழுதி அதை நான் எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 13, வியாழன்

198. இன்று எழுத ஒன்றும் இல்லை. ரசம் சாதம்.

நவம்பர் 19, புதன்

நாலு நாளாக மழை. தண்ணீர் நின்ற ஊர்களிலிருந்தெல்லாம் டெங்கு வருகிறது. இரண்டாம் கட்டிலில் தன்ஷிகா, ஐந்து வயது. மூன்று நாளாக இழுத்துப் பிடித்துப் பார்த்தோம். இன்று காலை மூளைக்குள் இரத்தக் கசிவு.

பதினொரு மணிக்கு டாக்டர் ஹசீனா வெளியே போய், பிள்ளையின் தாய்மாமனிடம் சொன்னார். அந்தக் குடும்பத்தில் பேசுகிறவர் அவர்தான். தகப்பன் சுவரைப் பார்த்தபடி நின்றார். எந் தங்கச்சிட்ட மட்டும் சொல்லாதீங்க, அவ தாங்க மாட்டா, எல்லாம் முடிஞ்ச பொறவு நான் சொல்லிக்கிடுதேன் என்றார் மாமன். டாக்டர் உள்ளே வந்து என்னைப் பார்த்தார். எனக்கு அர்த்தம் தெரியும். பேனாவை எடுத்தேன், தாளையும் கிழித்துவிட்டேன்.

தாயின் பெயர் செண்பகவல்லி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சில்லுன்னு இருக்கே சிஸ்டர், ஒரு கம்பளி வாங்கிட்டு வரட்டா என்று அவளே கேட்டாள். நான் ஒன்றும் எழுதவே வேண்டாம், ஆமாம் என்று சொன்னால் போதும்.

நான் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பதினாலு வருடத்தில் அந்த வார்டில் நான் உட்கார்ந்தது இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று சென்னைக்காரர் சொன்ன எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"பிள்ளைக்குக் கம்பளி வேண்டாம்மா. பிள்ளை நம்மள விட்டுப் போயிட்டிருக்கா. எங்களால ஒண்ணும் செய்ய முடியல" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். ஒரு மணி நேரம் இருக்கலாம், குறையவும் செய்யலாம், நீ பக்கத்தில் இருக்கலாம், யாரும் உன்னை வெளியே போகச் சொல்ல மாட்டார்கள் என்று சொன்னேன். இதைச் சொன்னதும் மனது இலேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.

அவள் எழுந்தாள். "என்னால அதப் பாக்க முடியாது சிஸ்டர். எனக்கு ஏதாச்சும் வேலை சொல்லுங்க. என்னத்தையாவது வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

தாள் என் உள்ளங்கையில்தான் கசங்கிக் கிடந்தது. எனக்கு எழுத ஒன்றும் இல்லை. உனக்குப் போகணும்னா போம்மா, நான் பிள்ளை கூட இருக்கேன், நீ வர்றப்ப வா என்றேன். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். குட்டிமா என்றாள். சொல்லிவிட்டுப் போனாள். நான் குனிந்து குட்டிமா, குட்டிமா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறாம் கட்டில்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டாள். கையில் ஒன்றும் இல்லை. "வாசல் வரைக்கும் போனேன். கால் வரல" என்றாள். தன் பையிலிருந்து சீப்பை எடுத்துப் பிள்ளையின் சடையை அவிழ்த்து, சிக்கெடுத்து, மறுபடி பின்னினாள். ஒரு பக்கம்தான் பின்ன முடிந்தது.

பிறகு கத்தினாள். நான் பதினாலு வருடமாகப் பயந்துகொண்டிருந்த அதே சத்தம். குழாயைப் பிடுங்கவில்லை, யாரையும் தள்ளவில்லை. என் தோளைக் கடித்தாள், அவ்வளவுதான். வார்டு முழுக்க எல்லாத் தாய்மாரும் அழுதார்கள். மற்ற பிள்ளைகள் மிரண்டு அழுதன. டாக்டர் ஹசீனா மருந்து அலமாரியைத் திறந்து உள்ளே எதையோ தேடுகிற மாதிரி வெகுநேரம் நின்றார்.

பெற்றவள் பார்க்க வேண்டாம் என்பதுதான் காரணம் என்று முன்னால் ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது பொய். இந்தச் சத்தத்தை நான் கேட்க வேண்டாம் என்பதுதான் காரணம்.

மாமன் உள்ளே வந்தார். "எவ சொன்னது? எதா இருந்தாலும் எங்கிட்டல்லா சொல்லணும்? எந் தங்கச்சிய என்ன பாடு படுத்திட்டிய, பாத்தியளா?" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. நான்தான் என்று சொன்னேன்.

சர்க்கரை பார்க்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 22, சனி

185.

மெமோ வந்துவிட்டது. உறவினர் கேட்டுக்கொண்டதை மீறி நோயாளியின் தாயிடம் தெரிவித்து வார்டில் அமைதிக் குறைவு ஏற்படுத்தியது குறித்து மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும். நர்சிங் சூப்பிரண்டு மேடம் கூப்பிட்டு, இத்தனை வருஷம் ஒரு கம்ப்ளெயிண்ட் கிடையாதே புஷ்பம், இப்போ ஒனக்கு என்ன வந்தது என்று கேட்டார்கள். பதிலை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பூசை முடிந்து வந்து விளக்கம் எழுத உட்கார்ந்தேன். ஐயா, அம்மா என்பதற்கு மேல் ஓடவில்லை. மெர்லின் வந்து நின்றாள். மாவு அரைக்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு, சொல்லு என்றேன்.

நம்பாமல் பார்த்தாள். பிறகு, நர்சிங் படிக்க மாட்டேன் என்றாள். இரண்டு மாதமாக இதைத்தான் சொல்ல வந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"ஒன்ன மாதிரி ஆயிருவேன்னு பயமா இருக்கும்மா. நீ வீட்டுக்கு வந்தா பேசவே மாட்டேங்குத. நான் பேச வந்தாலும் எங்கேயாச்சும் அனுப்பிருத."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தை அடக்க முடிந்தது.

அவள் உட்கார்ந்து விளக்கக் கடிதத்தைத் தன் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். தாய் கேட்டாள், நான் சொன்னேன், இனியும் கேட்டால் சொல்வேன். கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

நவம்பர் 27, வியாழன்

171. கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, வாய்மொழியாக எச்சரித்து விட்டுவிட்டார்கள். டாக்டர் ஹசீனா டீ வாங்கிக் கொடுத்தார். நானும் மூணு பேருக்குச் சீட்டுக் கொடுத்திருக்கேன் சிஸ்டர் என்றார். நான் எத்தனை என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

168.

டூட்டி முடிந்து முன்வாசல் வழியாகவே வந்தேன். இசக்கி பெஞ்சில் இருந்தாள், மடியில் துணி சுற்றிய பாலாடை. வாரந்தோறும் வருகிறாள் என்று மருந்து ஜன்னல்காரர் சொல்லியிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டு அலுத்துவிட்டது போல.

"இசக்கி, நான் ஒங்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன். "மித்ரன் முழிச்சான். ஒன்னயத்தான் தேடுனான்."

அவள் திரும்பவில்லை. எதிரே சுவரில் தடுப்பூசி விளம்பரம் ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பொருளும் தேவைப்பட்டு உன்னை அனுப்பவில்லை, அவன் போகப்போகிறான் என்று எனக்குத் தெரியும், நீ அழுவதை என்னால் பார்க்க முடியாது என்றுதான் அனுப்பினேன் என்று சொன்னேன். பாலாடை என்று எழுதியிருக்கவே கூடாது என்றும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அவள் சரி என்று சொல்லிவிடுவாள், எதற்கும் சரி என்றே சொல்கிற பெண்.

என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவள், தனியாவா இருந்தான் என்று கேட்டாள்.

"இல்ல. நான் இருந்தேன். என் வெரலப் பிடிச்சிக்கிட்டேதான் இருந்தான். விடவேயில்ல."

இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"எந்த வெரலு சிஸ்டர்?"

இடது கையை நீட்டி ஆள்காட்டி விரலைக் காட்டினேன். அவள் அதைத் தொடலாமா என்று கேட்கவில்லை. முதலில் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஐந்து விரல்களாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பிடித்த மாதிரியே, இறுக்கமாக. அழுதாள், சத்தம் போட்டுத்தான் அழுதாள். மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது.

அவள் விரல்களை நான் பிரிக்கவில்லை. அவளாக விடும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பாலாடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. மடியில் முடிந்துகொண்டு போனாள்.